கொச்சிக்கடையில் அடகு வைத்த நாக்கு

காலையில் எங்கள் பள்ளிக்கூட வான் கொட்டாஞ்சேனையில் இருந்து புறப்படுவதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் அதன் விசேஷமே. ஒஸ்வால்ட் அத்தான் விடிவதற்கு முன்பே குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, வானைச் சுற்றி ஒரு தடவை நடப்பார். ரயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கண்ணாடிகளைத் துடைப்பார். பிறகு ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்த நேரத்தில் தெருவில் என்னதான் இருக்கிறது? மூடிய கடைக் கதவுகளும் குப்பை கிளறும் காகங்களும்தான். ஆனாலும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் என்ஜின்.

போன வருடத் தொடக்கம் வரைக்கும் இப்படி இல்லை. அப்போது எங்கள் வான் வருகிறது என்பதை ஜம்பட்டா வீதி முழுவதும் வான் வருவதற்கு முன்பே அறிந்துகொள்ளும். அது என்ஜின் சத்தமில்லை, அத்தானின் வாய்.

நான் மாக்ரெட். அத்தானின் மனைவி நேசம் என்னுடைய அக்கா. பள்ளிக்கூட வானில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பெண் துணைக்கு இருக்க வேண்டும் என்பதால் அக்கா என்னைக் கொண்டுபோய் அந்த முன் சீட்டில் உட்காரவைத்தாள். அன்றிலிருந்து அத்தானுக்கு இடது பக்கத்தில் நான். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்து அத்தானுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் ஒரு கன்னியாஸ்திரி.

அத்தானைக் கெட்ட மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அத்தான் மீசை முளைத்த நாளில் இருந்து புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்கு வெங்காய லொறி ஓட்டினார். புறக்கோட்டையில் லொறியைப் பின்னுக்கு எடுப்பதென்றால் கை வண்டிக்காரன், மூட்டை தூக்கும் நாட்டாமி, ஓட்டோக்காரன், தெருவில் கடை பரப்பியவன் என்று எல்லோரோடும் சண்டை பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே சத்தம் போடாதவன் பின்னேரம் வரைக்கும் அதே இடத்தில் நிற்பான். பிறகு சேர்த்த காசில் ஒரு வானை வாங்கிப் பள்ளிக்கூட ஓட்டத்துக்கு வந்தார். லொறியை விட்டுவிட்டார். லொறியில் இருந்த வாயை மட்டும் வானுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பிள்ளைகளை ஒருபோதும் ஏசியதில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஏச்செல்லாம் ரோட்டுக்குத்தான். "டேய், உனக்கு லைசன்ஸ் தந்தது ஆர், உன்ட மாமனாரோ?" என்று தமிழில் தொடங்கி, பஸ்காரன் திரும்பிப் பார்த்தால் சிங்களத்துக்கு மாறி, அவனுக்கு விளங்காத இடங்களை மறுபடி தமிழில் நிரப்புவார். ஒரு கை ஹோர்னில். மற்றக் கையில் போன், ஏதாவது ஒரு தாயிடம், "வாசலுக்கு வந்திட்டன், பிள்ளையை அனுப்புங்கோ" என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கும். வான் அப்போதுதான் வேறொரு தெருவில் மாட்டிக்கொண்டு நிற்கும். இரவில் கிரிக்கெட் பார்த்துவிட்டுப் பிந்திப் படுப்பார். பிந்தி எழும்புவார். பிந்தியதையெல்லாம் வாயால் பிடிக்கப் பார்ப்பார். வெள்ளவத்தைப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேரும்போது அவருக்கு முகம் சிவந்து, சேட்டு நனைந்து போயிருக்கும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். மழை பெய்கிறது, அத்தான் ஏசுகிறார், அவ்வளவுதான்.

ஒருவருக்குப் பழகவில்லை. அவளுக்கு ஏழு வயது. பெயர் மயூரி. சாரதி சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவாள். அவளுடைய அம்மா பாலேஸ்வரி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். முதலாம் தவணை தொடங்கிச் சில வாரங்களில் ஒருநாள் காலை, பிள்ளையை ஏற்ற நான் இறங்கியபோது பாலேஸ்வரி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாக்ரெட், கோவிக்காதையுங்கோ. பிள்ளைக்குக் காலமை எழும்பினாலே வயித்துவலி. டொக்டரிட்டயும் காட்டியாச்சு, ஒண்டுமில்லையாம். சனி ஞாயிறிலை வலியும் இல்லை. நேற்று இரவுதான் சொன்னாள், வானுக்குப் பயமாம். அங்கிள் கத்துறது தனக்குத்தானாம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். இந்தத் தவணை முடிய நாங்கள் வேற வான் பாக்கிறம்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கதவு திறந்திருந்தது, என்ஜின் நின்றிருந்தது. அத்தானுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

அன்றைக்கு வெள்ளவத்தை வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து பார்த்தால் சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கிறார், சாப்பிடவில்லை. அக்கா என்னவென்று கேட்க, "என்னைக் கண்டா ஒரு குழந்தைக்கு வயித்துவலி வருதாம் நேசம்" என்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வானில் ஏறும் பிள்ளைகள்தான் பிள்ளைகள். பிறந்தநாள் வந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு டொபிப் பைக்கற் வாங்கி சீட்டுக்குக் கீழே ஒளித்துவைக்கிற மனிதர் அவர். எனக்கே அன்றைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மனம் நொந்தால் வாய் நின்றுவிடும் என்றில்லை. அடுத்த நாளும் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஓட்டோ குறுக்கே வந்தது, அத்தான் தன்னை மறந்தார். கத்தி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அதேதான். பத்து விரலால் பிடித்தாலும் நிற்காத வாய் அது.

செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் என்றால் கொழும்பில் பாதிப்பேருக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். வேதக்காரர், சைவக்காரர், பௌத்தர் என்று கணக்கில்லை. அக்கா தவறாமல் போவாள். அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அந்தோனியாரின் நாக்கின் சின்னத் துணுக்கு ஒன்று இருக்கிறது. அக்கா அந்தக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நேர்த்தி வைத்தாள். மெல்ல வேண்டுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

"அந்தோனியாரே, அந்த மனுசன்ட நாக்கை உம்மட்ட அடகு வைக்கிறன். பிள்ளையள் வானில இருக்க, வான் ஓடுற நேரம் அதால ஒரு சொல்லும் வரக் கூடாது. தவணை முடிஞ்சு கடைசி மணி அடிக்கும் மட்டும் அதை நீரே வைச்சிரும். அந்தப் பிள்ளையின்ட பயத்தை மட்டும் எடுத்துவிடும்."

ஒரு கெட்ட சொல்லும் வரக் கூடாது என்று சொல்லத்தான் நினைத்தாளாம். அழுத அழுகையில் 'கெட்ட' விடுபட்டுப்போனது. அப்படியாவது யாருக்கும் கேட்காமல் இருந்திருக்கலாம். பின்னால் வரிசையில் பாலேஸ்வரி நின்றிருக்கிறார், பிள்ளையின் வயிற்றுவலிக்காக மெழுகுதிரி கொளுத்த வந்தவர். வெளியே வந்ததும் அக்காவின் தோளைத் தொட்டு, "சரி அக்கா. தவணை முடியும் மட்டும் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வைத்த நேர்த்தியை மாற்றுவது எங்கள் ஆட்களிடம் இல்லை. எங்கள் தெருவில் ஒருத்தி, மகன் பரீட்சை பாஸானால் அவனுடைய உயரத்துக்கு மெழுகுதிரி தருவதாக நேர்ந்துவிட்டு, பிறகு இடுப்பளவு போதும் என்று குறைத்தாள். மகன் பாஸானான், ஆனால் அதற்குப் பிறகு ஒரு அங்குலம் வளரவில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். அவனுடைய அப்பாவும் அதே உயரம்தான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அன்று இரவு வீட்டில் நல்ல கூத்து. "என்ட நாக்கை அடகு வைக்க உனக்கு ஆர் சொன்னது? வேணுமெண்டா உன்ட நாக்கை வைச்சிருக்கலாமே" என்று அத்தான் குதித்தார். "என்ட நாக்கால எந்தப் பிள்ளைக்கும் வயித்துவலி வரயில்லை" என்றாள் அக்கா. அத்தான் வேகமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு லூசியாள் கோயில் ஃபாதரிடம் போனார்.

ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாராம். ஒருவருடைய நாக்கை இன்னொருவர் நேர்ந்துகொடுக்க முடியாது, ஆகவே அது உங்களைக் கட்டுப்படுத்தாது, நிம்மதியாகப் போங்கள் என்றாராம். நான் இருந்தால் அந்த இடத்திலேயே மூன்று வசனம் பேசிப் பார்த்திருப்பேன். அத்தான் கோயில் வாசல்வரை வந்தார், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். "ஃபாதர் அவிழ்த்துவிட்டார். நான் கட்டிக்கொண்டுதான் வந்தனான்."

முதல் நாள் காலையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வானை எடுத்தார். புறக்கோட்டை தாண்டுவதற்குள் கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றபோது தொண்டைக்குள் ஏதோ உருண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாகக் கை ஹோர்னுக்குப் போனது. நேர்த்தியில் ஹோர்னைப் பற்றி ஒன்றும் இல்லை அல்லவா? வாய் பேசாததையெல்லாம் அன்று ஹோர்ன் பேசியது. காலிமுகத்திடலில் நடக்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம், முகத்தில் தெரிந்தது.

பின்னால் ஒரு பிள்ளை அழுதது. வேறு நாளாக இருந்தால், "ஆரது அழுறது?" என்று திரும்பாமலே கேட்டிருப்பார். இப்போது கேட்க முடியாது, பார்க்கத்தான் வேண்டும். உள்கண்ணாடியில் செபமாலை, காய்ந்த குருத்தோலை, ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூ என்று இவ்வளவும் தொங்கியதால் அதில் அவருடைய மீசையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு கலர் லைட்டில் நின்றபோது எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். அழுத பிள்ளை யாரோ ஒருவன், தண்ணீர்ப் போத்தல் கொட்டுப்பட்டதற்கு அழுதான். ஆனால் கண்ணாடியில் முதலில் தெரிந்தது மயூரி. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய முதுகுக்குப் பின்னால், அவ்வளவு கிட்டத்தில். இத்தனை நாளும் அவள் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அத்தான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு, ஆபத்துக்குத் தவிர, அவர் ஹோர்னைத் தொடவில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அக்காவும் இல்லை, ஃபாதரும் இல்லை.

வாயும் இல்லை, ஹோர்னும் இல்லை என்றால் கொழும்பில் வான் ஓட்டுவது எப்படி? நேரத்தோடு போக வேண்டும். வேறு வழியே இல்லை. போனில் பொய் சொல்ல முடியாது என்பதால் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். அதற்கு வேளைக்கு எழும்ப வேண்டும். வேளைக்கு எழும்ப வேளைக்குப் படுக்க வேண்டும். அத்தான் கிரிக்கெட்டைப் பாதியில் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்ததைக் கண்டு, மனிதருக்குச் சுகமில்லையோ என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போன் என்னுடைய கைப்பைக்குள் வந்துவிட்டது. எழும்பியவுடன் அதைத் தடவுகிற பழக்கமும் போய், அந்த நேரத்தில் பிளேன் டீயைச் சூடாகக் குடிக்கத் தொடங்கினார். அவர் சூடான தேநீர் குடித்து நான் அதுவரை கண்டதில்லை.

புறப்படுவதற்கு முன் சும்மா இருக்கிற பழக்கமும் அப்படி வந்ததுதான். ஆரம்பத்தில் அது பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. வேளைக்கு ஆயத்தமாகிவிட்டார், புறப்பட நேரம் வரவில்லை, பேசவும் வழக்கமில்லாமல் போய்விட்டது, அதனால் இருந்தார். நாலைந்து நாள் போன பிறகு அது இல்லாமல் அவருக்கு முடியவில்லை. ஒருநாள் நான் பிந்தி வந்து அந்த நேரத்தைக் கெடுத்ததற்கு, கைக்கடிகாரத்தைக் காட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிச் சமாதானம் ஆகியிருப்பேன்.

பிள்ளைகளுக்குக் கைச்சாடை படித்துக்கொடுத்தார். கையைத் தட்டினால் எல்லோரும் இருக்க வேண்டும். ஒரு விரல் தூக்கினால் பை மடியில். சிவப்பு லைட் விழுந்தால் அவர் ஸ்டியரிங்கில் இருந்து கைகளை எடுத்து முழங்காலில் வைத்து மூச்சை நீளமாக விடுவார். அது யாருக்கும் படித்துக்கொடுத்ததில்லை, கை தானாக ஹோர்னுக்குப் போகாமல் இருக்க அவரே செய்த ஏற்பாடு. பிள்ளைகள் அதையும் பிடித்துக்கொண்டார்கள். கலர் லைட்டில் பக்கத்தில் நிற்கும் பஸ்ஸில் இருந்து பார்ப்பவர்களுக்கு, ஒரு வான் நிறையப் பிள்ளைகள் முழங்காலில் கைவைத்து ஒன்றாகப் பெருமூச்சு விடுவது தெரியும். என்ன நினைத்தார்களோ.

வேறொன்றும் நடந்தது. பேசாமல் ஓட்டத் தொடங்கிய பிறகு அத்தானுக்கு ரோட்டு தெரியத் தொடங்கியது. எந்தப் பஸ் எந்த இடத்தில் சிக்னல் போடாமல் ஒதுங்கும், கடலோர மரைன் டிரைவில் எந்த ஒழுங்கையில் இருந்து சைக்கிள்காரர் பார்க்காமல் வருவார் என்று முன்கூட்டியே அறிந்து வேகத்தைக் குறைப்பார். முந்தி அந்தச் சைக்கிள்காரரை ஒவ்வொரு நாளும் ஏசியவர். இப்போது அவருக்காக மெதுவாக்க, அவர் கை காட்டிவிட்டுப் போவார். ஏசிக்கொண்டிருந்த காலம் முழுக்க அத்தான் ரோட்டைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் ஒரு வானுக்கு ஒரு வாயாவது வேண்டுமே. அது என்னுடையதாகிவிட்டது. தாய்மாரோடு பேசுவது நான். வாசலை மறித்து நிற்கிற காரை எடுக்கச் சொல்வது நான். ஒருநாள் ட்ராபிக் பொலிஸ் மறித்து ஏதோ கேட்க, அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். பொலிஸ்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் குனிந்து, "பாரயக் சார், கொச்சிக்கடே" என்றேன், நேர்த்தி என்று. அவர் முகம் உடனே மாறியது. "கொச்சிக்கடேத?" என்று கேட்டு, அத்தானை மரியாதையாகப் பார்த்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. என் வாய்க்கு அவ்வளவு அதிகாரம் அதற்கு முன் கிடைத்ததில்லை.

மயூரி ஒரு வாரம் கழித்து ஒரு கையைக் காதில் இருந்து எடுத்தாள். அத்தான் அதைக் கண்ணாடியில் கண்டு, எனக்குக் கண்ணால் காட்டினார். பிறகு ஒருநாள் மற்றக் கையும் இறங்கியது. அந்தக் கையில் அன்று மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று இருந்தது. அதைக் கடித்துக்கொண்டே கடலைப் பார்த்தாள். பாலேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தவணை முடியட்டும் என்றுதானே பேச்சு.

தவணை முடிய இன்னும் சில நாட்களே இருந்தபோதுதான் அது நடந்தது. நல்ல மழை. மரைன் டிரைவில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறோம். வெள்ளவத்தைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்து ஒரு பெரிய ஜீப் பார்க்காமல் வெளியே பாய்ந்து, எங்கள் வானின் பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடி உடைந்து ரோட்டில் விழுந்தது. ஜீப்பில் இருந்து ஒரு கனவான் இறங்கிவந்தார். பிழை முழுக்க அவருடையது. ஆனால் வந்தவர் வந்த வேகத்தில் அத்தானை ஏசத் தொடங்கினார். கண் தெரியாதவனெல்லாம் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறான், இவனிடம் யார் பிள்ளைகளைக் கொடுத்தது என்று சிங்களத்தில் ஏசினார். அத்தான் அவரைப் பார்த்தார். கைகளை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து முழங்காலில் வைத்தார்.

என்னால் முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். அந்தத் தவணை முழுவதும் அத்தான் சொல்லாமல் விழுங்கிய சொற்களெல்லாம் எங்கே போயின என்று நீங்கள் யோசித்தால், அவை எனக்குள்தான் சேர்ந்திருந்தன. தமிழில் தொடங்கினேன், சிங்களத்துக்கு மாறினேன், தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தையும் வீணாக்கவில்லை. அந்தக் கனவானின் ஜீப், தொப்பை, வளர்ப்பு எதையும் விடவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கைதட்டினார்கள். கனவான் கடைசியில் தன்னுடைய கார்ட்டை நீட்டி, கண்ணாடியைப் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி ஓடினார்.

நான் நனைந்த சேலையோடு, வெற்றி வீராங்கனையாக ஏறி உட்கார்ந்தேன். அத்தான் என்னைப் பாராட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கையை நீட்டி உள்கண்ணாடியை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

கண்ணாடிக்குள் மயூரி இருந்தாள். இரண்டு கைகளும் காதில். கண்கள் திறந்துதான் இருந்தன, என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இவ்வளவு நாளும் ஒரு மனிதர் பல்லைக் கடித்துக் கட்டியதை நான் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தான் கண்ணாடியைப் பழையபடி திருப்பிவிட்டு வானை எடுத்தார். அடுத்த கலர் லைட்டில் நான் முதல் தடவையாகக் கைகளை முழங்காலில் வைத்து மூச்சை விட்டேன். அதுவரை நான் அதைப் பார்த்துச் சிரித்ததுதான்.

மிச்ச நாட்களெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொல்லப் பயம். பாலேஸ்வரியின் முகத்தில் வழக்கம்போல ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிள்ளையை ஏற்றிவிடுவார், போய்விடுவார். நான் அந்த நாட்களில் வாசலை மறித்த கார்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, "தயவுசெய்து" என்று சொல்லிப் பார்த்தேன். அதிசயம்தான், சிலர் எடுத்தார்கள். எடுக்காதவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்தோம். நேரத்தோடு வந்திருந்ததால் காத்திருக்க நேரமும் இருந்தது.

கடைசி நாள் கடைசி மணி அடித்தது. நேர்த்தி முடிந்தது. பிள்ளைகளுக்கு இது தெரியும். வானைச் சூழ்ந்துகொண்டு, "அங்கிள், இனிக் கதைக்கலாம்தானே? கதையுங்கோ அங்கிள்" என்று ஒரே ஆரவாரம். அத்தான் ஏறி, என்ஜினைப் போட்டு, தொண்டையைச் செருமினார். எல்லோரும் காத்திருந்தார்கள், நானும்தான்.

"எல்லாரும் ஏறியாச்சோ?" என்றார்.

அவ்வளவுதான். அந்தக் குரல் எவ்வளவு சின்னதாகிப் போயிருந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் வெட்கப்பட்டு வானை எடுத்தார். வழியில் இரண்டு பஸ்கள் குறுக்கே வந்தன, ஒரு ஓட்டோ முட்டப் பார்த்தது. பேசத் தடை இல்லை, ஆனாலும் பேசவில்லை. சிவப்பு விழுந்த இடத்தில் கைகள் தாமாக முழங்காலுக்குப் போயின.

வெய்யில் நேரம். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள். மயூரியின் வீடுதான் கடைசி. அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது வாசலில் பாலேஸ்வரி நிற்பது தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் வேலையில் இருக்க வேண்டியவர். லீவு போட்டு வந்து நிற்கிறார் என்றால் முடிவைச் சொல்லத்தான் நிற்கிறார். ஜீப் விஷயத்தைப் பிள்ளை சொல்லியிருப்பாள். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வசனங்களை அடுக்கிக்கொண்டு, பிள்ளையை இறக்குவதற்காகப் பின்பக்கம் திரும்பினேன்.

மயூரி தூங்கிக்கொண்டு இருந்தாள். பை ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம். நெற்றியை அத்தானின் சீட்டின் முதுகில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து, நல்ல தூக்கம். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

பாலேஸ்வரி வானுக்குக் கிட்ட வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் என்ஜினை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பிள்ளையைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார்.

ஜம்பட்டா வீதியையே எழுப்பிய மனிதர், சத்தம் போடாதீர்கள் என்று ஒரு தாய்க்குச் சாடை காட்டுகிறார். பாலேஸ்வரி யன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரகசியக் குரலில் கேட்டார்.

"அப்ப அடுத்த தவணையும் இதே நேரத்துக்குத்தானே வருவீங்கள்?"

அத்தான் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாலேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஜீப்பையும் மன்னிப்பையும் அந்தோனியாரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பினார். உதட்டில் இருந்த விரலை எடுக்கவே இல்லை.

நான் வாயை மூடினேன். பிள்ளை தானாக எழும்பும் வரைக்கும் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.